கொள்ளி என்று காதில் விழுந்தது

கண்ணால் கண்டவற்றையும், காதால் கேட்டுப் பின்னர் இன்னொருவரிடம் உறுதிசெய்துகொண்டவற்றையும் மட்டுமே இங்கே எழுதுகிறேன். காதால் கேட்டதோடு நின்றவற்றைத் தள்ளிவிட்டேன். என் காதைப் பற்றி எனக்கு நெடுங்காலம் உயர்ந்த எண்ணம் இருந்தது. கல்லூரியில் இலக்கணம் கற்பிப்பவன் நான். கடைசி இருக்கையில் ஒருவன் ளகரத்தை லகரமாக முணுமுணுத்தால், கரும்பலகையிலிருந்து திரும்பாமலே அவனைத் திருத்துவேன். அந்தக் காதை நம்பி ஓசூரில் ஒரு நாளைக் கழித்தேன். கெட்டது என் நாள் மட்டுமாக இருந்திருந்தால் இதை எழுத வேண்டியிராது.

என் நண்பன் ஓசூர்க்காரன். திருச்சியில் நான் தமிழ் படித்த காலத்தில் அவன் தொழிற்பயிற்சி நிலையத்தில் படித்தான். ஒரே அறையில் குடியிருந்தோம். இப்போது தன் ஊர்த் தொழிற்பேட்டையில், வண்டிப் பாகங்களை வார்க்கும் தொழிற்சாலை ஒன்றில் இயந்திரங்களைப் பழுதுபார்க்கிறான். வீட்டில் தெலுங்கு பேசுவான், தெருவில் கன்னடம், என்னோடு தமிழ். பல ஆண்டுகளாக அழைத்துக்கொண்டிருந்தான். நான் தஞ்சைப் பக்கத்தான். மூன்று மொழிகள் கலந்து புழங்கும் ஊரில் என் தமிழுக்கு ஏதேனும் நேர்ந்துவிடுமோ என்று அஞ்சியோ என்னவோ தள்ளிப்போட்டுவந்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை போய் இறங்கினேன்.

பேருந்து நிலையத்தில் என்னைக் கண்டதும் அவன், “வா குரு,” என்றான். உள்ளூர மகிழ்ந்தேன். அறைத் தோழனாக இருந்த காலத்தில் என்னை ‘டேய்’ என்று அழைத்தவன். என் கல்வியின் பெருமை காலம் கடந்தேனும் அவனுக்கு விளங்கிவிட்டது என்று எண்ணிக்கொண்டேன். தேநீர்க் கடையில், குடித்துவிட்டுத் தூணைக் கட்டிக்கொண்டு நின்ற ஒருவனிடம் கடைக்காரர், “குரு, கொஞ்சம் அக்கட்ட தள்ளு,” என்று சொன்ன பிறகுதான் அச்சொல் அவ்வூரில் யார்மீதெல்லாம் வழங்குகிறது என்பதை அறிந்தேன்.

நண்பன் இரவு வேலை முடித்து வந்திருந்தான். உறங்கவில்லை; குளித்து, தேய்த்த வெள்ளைச் சட்டை அணிந்திருந்தான். கையில் ஒரு துணிப்பை. உள்ளே வெற்றிலை, பாக்கு, ஒரு சீப்பு வாழைப்பழம், இரண்டு முழம் பூ.

“ஒரு சின்ன வேலை இருக்குது. முடிச்சிட்டு ஊரெல்லாம் சுத்திக் காட்டறேன்,” என்றான்.

அந்தச் சின்ன வேலை இது. பேரிகைப் பக்கம் ஒரு முதியவருக்கு ரோஜா வளர்க்கும் பசுமைக்குடில் இருந்தது. அவருக்கு முட்டி வலி. மகன் பெங்களூருக்கு நாள்தோறும் வேலைக்குப் போய்வருகிறான். குடிலைக் குத்தகைக்கு விடப்போகிறார். நண்பனின் மனைவி ரோஜா பயிரிடும் குடும்பத்தில் பிறந்தவள். கவாத்து, மருந்து, பறிக்கும் பதம் எல்லாம் அவள் பார்த்துக்கொள்வாள்; குடிலின் குழாயையும் மோட்டாரையும் இவன் பார்த்துக்கொள்வான்; இரவு வேலையை விட்டுவிடுவான். கணவனும் மனைவியும் ஓராண்டாக இதைத் தவிர வேறெதுவும் பேசவில்லையாம். சர்ஜாபுரத்திலிருந்து இன்னொருவரும் அதே குடிலைக் கேட்டுக்கொண்டிருந்தார். ஞாயிறு காலை தாம்பூலத்தோடு வா, பேசிவிடலாம் என்று முதியவர் இவனிடம் சொல்லியிருந்தார்.

“இன்னிக்கு மாத்து குடுத்துடுவாரு,” என்றான்.

“மாத்து என்றால்?”

“கன்னடத்துல வாக்கு. எழுத்தெல்லாம் அப்பறம்தான். அவரு வாயால சொல்லிட்டாருன்னா முடிஞ்சுது. அந்தாண்ட இந்தாண்ட நவுர மாட்டாரு.” பிறகு, கேட்காமலே, “பாப்பாவ நான் தூங்கறப்பதான் பாக்கறேன்,” என்றான்.

“யார் தூங்கும்போது என்பது வாக்கியத்தில் தெளிவாக இல்லை,” என்றேன்.

“ரெண்டு பேரும்தான் குரு. ஏறு வண்டியில.”

முதியவரின் வீடு மத்திகிரிப் பக்கம் இருந்தது. தெருமுனைக்கு வந்தபோது நண்பனின் கைப்பேசி ஒலித்தது. தொழிற்சாலையிலிருந்து அழைத்தார்கள்; அவன் இரவெல்லாம் சரிசெய்த இயந்திரம் மறுபடி நின்றுவிட்டது. புங்கமரத்தடியில் வண்டியை நிறுத்திவிட்டு, “மூணாவது வீடு. வந்திருக்கோம்னு மட்டும் சொல்லு. பின்னாடியே வர்றேன்,” என்றான்.

வாயிற்கதவு திறந்திருந்தது. முன்வாசலில் இரண்டு நெகிழி நாற்காலிகள். ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒரு பெண்மணி வெளியே வந்தார். நான் கைகூப்பி, ஒவ்வோர் எழுத்துக்கும் உரிய இடம் கொடுத்து, “ஐயா இல்லத்தில் இருக்கிறாரா?” என்று கேட்டேன்.

அவர் என்னைச் சற்று நேரம் பார்த்தார். பின்பு, “இல்லே…” என்று தொடங்கி ஏதோ சொன்னார். நடுவில் ஒரு சொல் நழுவியது. முடிவு மட்டும் ஐயத்திற்கிடமின்றி என் காதில் விழுந்தது: “…கொள்ளி.” சொல்லும்போதே கையை வீட்டின் பின்புறமாக நீட்டினார். பிறகு விரைந்து உள்ளே போய்விட்டார்.

என் அறிவு வேலை செய்த விதத்தை மறைக்காமல் எழுதுகிறேன். இல்லே: அவர் இல்லை. கொள்ளி: இறந்தவருக்கு வைக்கும் நெருப்பு. கை நீண்ட திசையைக் கதிரவன் நின்ற இடத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தேன், தெற்கு. சுடுகாட்டுக்குரிய திசை. அப்பெண்மணி மேலும் பேசாமல் உள்ளே போனது துயரத்தால். முதியவர் நெருங்கிய உறவினர் ஒருவருக்குக் கொள்ளி வைக்கப் போயிருக்கிறார். இரண்டு சொற்களையும் ஒரு கையசைவையும் கொண்டு ஒரு சாவையே நிறுவிவிட்டேன். வெறும் வாயிலைப் பார்த்து மீண்டும் கைகூப்பிவிட்டுத் திரும்பினேன்.

“பெரியவர் இல்லை. ஒரு சாவுக்குப் போயிருக்கிறார். கொள்ளி வைக்கும் உரிமை அவருடையது போலும்,” என்றேன் நண்பனிடம்.

அவன் முகம் சுருங்கியது. “யாரு செத்ததாம்?”

“அதைக் கேட்பது முறையன்று.”

“எந்த ஊர்லயாம்?”

“தெற்கே.”

“தெக்கன்னா? தளிப் பக்கமா, ஜவளகிரியா? அங்கதான் அவரு சொந்தக்காரங்க இருக்காங்க.”

“திசை மட்டும் காட்டினார்.”

“நல்லாக் கேட்டியா?”

இந்தக் கேள்வி என்னைச் சற்றுப் புண்படுத்தியது. “கேட்பதும் சொல்வதுமே என் தொழில்,” என்றேன்.

அவன் துணிப்பையைப் பார்த்தான். சாவு நடந்த வீட்டுக்குத் தாம்பூலத்தோடு போகக்கூடாது. அத்தகைய நாளில் கைப்பேசியில் அழைத்துக் குத்தகை பேசுவது அதைவிடக் கேடு. “கொள்ளி வெச்சிட்டு, குளிச்சிட்டு, சாயங்காலம் வந்துடுவாரு. கையில ஒண்ணியும் இல்லாம போய், துக்கம் விசாரிச்சிட்டு, அவரா எடுத்தா பேசலாம். சர்ஜாபுரத்தான் வந்தாலும் இன்னிக்கு பேச முடியாது பாரு. அது ஒரு வகையில நல்லது,” என்று தானே தேற்றிக்கொண்டான்.

எனக்கு ஊரைச் சுற்றிப்பார்க்க ஒரு முழு நாள் கிடைத்தது இப்படித்தான்.

முதலில் மலைக்கோயில். படியேறும்போது வழியிலிருந்த பெயர்ப்பலகைகளில் ஒற்றுப்பிழைகளைக் காட்டிக்கொண்டே போனேன். நண்பன் தலையசைத்தபடி வந்தான். அவன் ஒப்புக்கொள்கிறான் என்று நினைத்தேன். திரும்பிப் பார்த்தால் நடந்தபடியே தூங்கிக்கொண்டிருந்தான். மேலே போய் நிழலில் உட்கார்ந்ததும், வெயிலில் கன்றிப்போகும் என்று சொல்லிப் பழங்களை உரித்து ஆளுக்குப் பாதியாகத் தின்றோம். கீழே ஓசூர் விரிந்து கிடந்தது: தொழிற்சாலைகளின் தகரக் கூரைகள், அடுக்குமாடிகள், நடுவே ஏரி. ஏரியில் நீர் இருந்தது. அதன் ஆழத்தை நான் சோதிக்கவில்லை.

“அக்கட்ட வெள்ள வெள்ளையா தெரியுது பாரு. எல்லாம் பாலிஹவுஸ்,” என்றான்.

“பசுமைக்குடில்,” என்றேன்.

“வெள்ளையாத்தான இருக்குது?”

அவன் அந்த வெண்மையையே பார்த்துக்கொண்டிருந்தான். முதியவரின் குடிலில் சிவப்பு மட்டும் போட்டிருக்கிறார், ஒரு பாதியில் மஞ்சள் வைக்க வேண்டும் என்பது மனைவியின் எண்ணம். குடிலை ஒட்டி ஓர் அறை உண்டு, அங்கேயே தங்கிக்கொள்ளலாம். பள்ளிப் பேருந்து அந்தச் சாலையில் வருகிறது. இவற்றையெல்லாம் சொல்லிக்கொண்டே இருந்து, மஞ்சளுக்கும் சிவப்புக்கும் இடையில் எங்கோ உறங்கிப்போனான். கைப்பேசி ஒலித்ததும் துள்ளி எழுந்து, “பெரியவரா?” என்று எடுத்தான். தொழிற்சாலைதான்.

அடுத்துப் பூச்சந்தை. செய்தித்தாளில் சுற்றிய ரோஜாக் கட்டுகளுக்கு நடுவில் மூன்று மொழிகளிலும் விலை பறந்தது. நண்பன் ஒவ்வொரு கட்டாகத் தொட்டு, மொட்டின் கழுத்தை இரு விரலால் அழுத்திப் பார்த்தான். ஒரு வியாபாரி, “வாங்கறதுன்னா வாங்கு குரு, நாடி புடிச்சுப் பாக்காத,” என்றார்.

“அடுத்த வருசம் உனக்கே கொண்டாந்து போடறேண்ணா. அப்ப பேசிக்கலாம்.”

“எந்தத் தோட்டம்?”

நண்பன் ஊரைச் சொன்னான். முதியவரின் குடில் என்றும் சொன்னான். இன்னும் கைக்கு வராத ஒன்றை வந்ததாகவே சொன்னதில் எனக்குக் குறை எதுவும் தோன்றவில்லை. அதற்குத் தடையாக இருந்தது ஒரு சாவு மட்டுமே. அதற்கோ நான் சான்று.

உணவுக்குப் பின் எல்லையைப் பார்க்க விரும்பினேன். “தமிழ் முடியும் இடத்தில் ஒரு கணம் நிற்க வேண்டும்,” என்றேன்.

“முடியறதுன்னா? அக்கட்ட போனாலும் தமிழ்தான் பேசுவாங்க. இக்கட்டயே கன்னடம் பேசறாங்க. நீ என்னாத்தப் போய்ப் பாக்கப்போற?”

ஆயினும் அழைத்துப்போனான். நெடுஞ்சாலை ஓரத்தில் கன்னட எழுத்துப் பலகை ஒன்றைக் கண்டதும் இறங்கிவிட்டேன். அதன்கீழ் நின்று ஒரு கால் அப்புறமும் ஒரு கால் இப்புறமுமாக வைத்து, கண்ணை மூடிக்கொண்டேன். நெஞ்சு உண்மையாகவே நெகிழ்ந்தது. இளநீர் விற்றவர் என்னைப் பார்த்துவிட்டு நண்பனிடம் கேட்டார்.

“என்னாச்சு அவருக்கு? மயக்கமா?”

“இல்லண்ணா, பார்டர் பாக்கறாரு.”

“பார்டரா? அது இன்னும் அக்கட்ட போவணும். இது லாரி ஆபீஸ் போர்டு.”

நண்பன் அன்று வாய்விட்டுச் சிரித்தது அப்போதுதான். உண்மையான எல்லைக்கு அவன் வண்டியைக் கிளப்பினான். நான் வேண்டாம் என்றேன். ஒரு நாளில் ஒருமுறைக்குமேல் நெகிழ்வது பொருத்தமாகப் படவில்லை.

மாலை மத்திகிரிக்குத் திரும்பினோம். வழியெல்லாம் இரங்கல் வாக்கியம் ஒன்றை மனத்துக்குள் செதுக்கிக்கொண்டு வந்தேன். நண்பன் தெருமுனைக் குழாயில் முகம் கழுவி, முகத்தில் துயரத்தைக் கொண்டுவந்தான். உறக்கமின்மையால் அது அவனுக்கு எளிதாயிற்று.

முதியவர் வாசல் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். சலவைச் சட்டை, நெற்றியில் திருநீறு. சாவுக்குப் போய்வந்த களை எதுவும் முகத்தில் இல்லை. மனத்திடம் மிக்கவர் என்று வியந்து, முன்னே போய்த் தலைகுனிந்து சொன்னேன்: “தங்கள் குடும்பத்தில் நேர்ந்த மறைவு குறித்து ஆழ்ந்து வருந்துகிறேன்.”

அவர் என்னையும் பின்னால் நின்ற நண்பனையும் மாறிமாறிப் பார்த்தார். “யாருப்பா செத்தது?” என்றார் தமிழில்.

காலையில் பார்த்த பெண்மணி, அவருடைய மருமகள், நிலைப்படிக்கு வந்தார். என்னைக் கண்டதும் கன்னடத்தில் மளமளவென்று சொல்லத் தொடங்கினார். நண்பனின் தோள்கள் மெல்லத் தாழ்வதைப் பார்த்தேன். அவன் என் பக்கம் திரும்பாமல் மொழிபெயர்த்தான்.

“காலையில நீ ‘இல்ல, இல்ல’ன்னு ஏதோ கேட்டியாம். பெரியவரத்தான் கேக்கறேன்னு புரிஞ்சுக்கிட்டு, ‘இல்லே இதாரெ, கூத்கொள்ளி’ன்னாங்களாம். காப்பி போட்டு எடுத்தாந்து பாத்தா ஆளையே காணோமாம்.”

“அப்படியென்றால்?”

“இல்லேன்னா இங்கயே. இதாரென்னா இருக்காரு. கூத்கொள்ளின்னா உக்காருங்க.” அவன் ஒவ்வொன்றாக, சிறுபிள்ளைக்குச் சொல்வதுபோல் சொன்னான். “இங்கயே இருக்காரு, உக்காருங்க. அவ்வளவுதான் சொன்னாங்க.”

“கை காட்டினாரே?”

“பின்னாடி மாட்டுக் கொட்டாய்ல இருந்தாராம். அதக் காட்டியிருக்காங்க.”

அந்த இடத்தில் நிற்கும்போதும் என் மூளை தன் தொழிலை விடவில்லை என்பதை வெட்கத்தோடு பதிவுசெய்கிறேன். ‘இல்லே’ என்பதன் ஈற்றில் நின்றது தேற்ற ஏகாரம். ‘கொள்ளி’யில் இருந்தது கொள் என்னும் துணைவினை, உட்கார்ந்துகொள்ளுங்கள் என்பதில் நிற்கும் அதே கொள். ஒவ்வோராண்டும் அதற்கு ஒரு வாரம் ஒதுக்கி, எடுத்துக்காட்டுகளோடு நடத்துகிறேன். எதிரே வந்து உட்காரச் சொன்னபோது அதில் பிணம் எரிந்தது எனக்கு.

நான் தமிழ் வாத்தியார் என்பதையும் கொள்ளி என்று கேட்டுச் சாவு என்று எண்ணியதையும் நண்பன் சொன்னதும் முதியவர் சிரித்தார். அடக்கமாட்டாமல் சிரித்து, இருமி, மருமகள் கொடுத்த நீரைக் குடித்துவிட்டு மறுபடியும் சிரித்தார். “என்னையே கொள்ளி வெச்சு அனுப்பிட்டாரு மேஷ்ட்ரு,” என்றார். அவர் சிரித்ததால் எல்லாம் சரியாகிவிட்டது என்று எண்ணி நானும் சிரித்தேன். நண்பன் சிரிக்கவில்லை. அவன் கண், உள்ளறையில் கவிழ்த்துவைத்த பெட்டியின்மேல் இருந்த தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தது. தட்டில் வெற்றிலையும் பாக்கும் ஒரு தேங்காயும் இருந்தன. அவை நாங்கள் கொண்டுவந்தவை அல்ல.

முதியவர் சிரிப்பை நிறுத்தினார். “காலையிலேர்ந்து குந்திகினு இருந்தேம்ப்பா. மருமவ சொன்னா, யாரோ வந்து கும்புடு போட்டுட்டுப் போயிட்டாங்கன்னு. நீ அனுப்புன ஆளுன்னு எனக்கு எப்பிடித் தெரியும்? மத்தியானம் வரைக்கும் பாத்தேன். சொன்ன நேரத்துக்கு வராதவன் செடிக்குத் தண்ணி எப்ப விடுவான்னு நெனச்சுகினேன். சாப்பாட்டுக்கு அப்பறம் சர்ஜாபுரத்துக்காரங்க வந்தாங்க.” பிறகு, தாழ்ந்த குரலில் கன்னடத்தில் சொன்னார்: “மாத்து கொட்டாயித்து.”

இந்த ஒரு வாக்கியத்தை மட்டும் நான் யாரிடமும் பொருள் கேட்கவில்லை. வாக்குக் கொடுத்தாயிற்று.

“ஒரு போன் பண்ணியிருந்தா…” என்று நண்பன் தொடங்கினான்.

“நீ பண்ணியிருக்கலாமே?” என்றார் முதியவர். குற்றம் சுமத்தும் குரலில் சொல்லவில்லை. இருவருமே அழைக்காததற்கு இருவரிடமும் தக்க காரணம் இருந்தது. நண்பனின் காரணம் நான். அதை அவன் சொல்லவில்லை.

“நான் போய்ச் சர்ஜாபுரத்தாரிடம் நடந்ததை விளக்கட்டுமா?” என்று கேட்டேன்.

“எந்த பாஷையில?” என்றான் நண்பன்.

மருமகள் என்னைப் பார்த்து, மிக மெதுவாக, ஓர் எழுத்தும் சிதையாமல், “கூத்கொள்ளி,” என்றார். உட்கார்ந்தேன். காப்பி வந்தது. குடிலில் வேறு வேலை இருந்தால் சொல்லுங்கள் என்று நண்பன் கேட்டான். மோட்டார் ரிப்பேருக்குக் கூப்பிடுகிறேன் என்றார் முதியவர். அவ்வளவில் எழுந்தோம். வாசலில் அவர் நண்பனின் கையைப் பிடித்துக்கொண்டு கன்னடத்தில் சிறிது நேரம் பேசினார். நான் மரியாதை கருதி வேறுபக்கம் பார்த்தேன், பார்க்காவிட்டாலும் விளங்கியிராது.

பேருந்து நிலையத்துக்குப் பிரியும் சாலையில் நிறுத்தினான்.

“என்மேல் கோபப்படு,” என்றேன்.

“பட்டு? நீ கேட்டத நீ சொன்ன. நான் அந்த மரத்தடியிலேர்ந்து நாலு எட்டு வச்சிருக்கணும். அந்த மெசினு பாழாப் போக.” பிறகு, “ஆனாலும் குரு, தெக்கன்னு எப்பிடிடா கண்டுபுடிச்ச?” என்றான். நீண்ட காலத்துக்குப் பின் ‘டா’ போட்டான்.

“சூரியனை வைத்து.”

“அதையும் விட்டு வைக்கல.”

வண்டியை விட்டு இறங்கிச் சற்றுத் தள்ளிப்போய் மனைவியை அழைத்தான். தெலுங்கில் பேசினான். ‘குலாபி’ என்ற சொல் இருமுறை வந்தது. அது ரோஜா என்று பூச்சந்தையில் கேட்டு, அங்கேயே அவனிடம் உறுதிசெய்திருந்தேன். நெடுநேரம் அவள் பேச, இவன் கேட்டுக்கொண்டிருந்தான். பின்பு இவன் ஏதோ சொன்னான், ஒருமுறை சிரித்தான். அது எந்த வகைச் சிரிப்பு என்று எழுத என்னிடம் சான்று இல்லை. திரும்பி வந்து, “இவ்வளவு தூரம் வந்துட்டு சாப்பிடாம போனா அவ என்னத் திட்டுவா. வா,” என்றான்.

அவன் மனைவி களியில் இரண்டாம் முறையும் நெய் விட்டாள். அவள் கண்கள் சிவந்திருந்தன. என்னிடம், “காரம் ஜாஸ்தியா போச்சாண்ணா?” என்பதற்குமேல் எதுவும் கேட்கவில்லை. மகள் தன் பாடநூலைக் கொண்டுவந்து ஒரு செய்யுளுக்குப் பொருள் கேட்டாள். என் வாழ்நாளில் முதன்முறையாக, “எனக்கு உறுதியாகத் தெரியவில்லை, ஆசிரியரைக் கேள்,” என்றேன். நண்பன் சீருடையை மாற்றிக்கொண்டு இரவு வேலைக்குக் கிளம்பினான். போகும் வழியில் என்னைப் பேருந்தில் ஏற்றிவிட்டான்.

இனி, தெரியாதவற்றைச் சொல்லி நிறுத்துகிறேன். காலையில் நான் அந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தால் முதியவர் என் நண்பனுக்கே வாக்குக் கொடுத்திருப்பாரா என்பது தெரியாது; அவன் அதைக் கேட்கவில்லை. வாசலில் அவனுடைய கையைப் பிடித்துக்கொண்டு அவர் சொன்னது என்னவென்று தெரியாது, நானும் கேட்கவில்லை. குடில் கைவிட்டுப் போனதற்குத் தன் மனைவியிடம் அவன் என்ன காரணம் சொன்னான், அதில் நான் இருந்தேனா என்பதும் தெரியாது. எனக்குத் தெலுங்கு வராது.